ஒற்றைப் பூட்டும் அறுபத்து நான்கு கோர்களும்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியாக ஜிஎஸ்டி சாலையைப் பிடித்த பழைய லாரிக்காரர்களுக்கு ரயில்வே கேட்டின் அருமை தெரியும். சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும், கேட் மூடினால் நிற்க வேண்டியதுதான். இந்தத் தொழிற்தடத்து ஆலைகளின் சர்வர் அறைக்குள்ளும் அப்படியொரு கேட் ஒளிந்திருக்கலாம். உதிரிபாக வரைபடங்களும் சிஎன்சி புரோகிராம்களும் பொதுச் சர்வரில் இருக்கும் ஆலையில், ஷிஃப்ட் மாறும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் கோப்பு கேட்பார்கள். சர்வர் மென்பொருள் தன் உள்கணக்கு முழுவதற்கும், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் ஒரே பூட்டு வைத்திருந்தால், பெயிண்ட் ஷாப்பின் கோப்புக்காக பிரஸ் ஷாப் காத்துக் கிடக்கும். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. "சர்வர் ஸ்லோ" என்றதும் பெரிய சர்வருக்கு பர்ச்சேஸ் ஆர்டர் போடுவது இங்கே வீண்செலவு.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதம் இதைத் தெளிவாக்குகிறது. வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையில் நின்றுதான் நடக்கும் என்றால், சர்வரின் செயலியில் 16 கோர் தருவது 6.4 மடங்கு வேகம். 64 கோர் வாங்கினாலும் 8.8 மடங்குதான். வேகமான எஸ்எஸ்டி போட்டாலும் பூட்டு நகராது, நெரிசல் அங்கே போய்ச் சேரும், அவ்வளவே. லினக்ஸ் இயங்குதளமே இதை அனுபவித்திருக்கிறது. 1996-இல் வந்த 2.0 பதிப்பில் அதன் மையமான கெர்னல் முழுவதையும் ஒரே பெரிய பூட்டு காத்தது. அதை ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துக் கழற்றினார்கள். நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வான என்எஃப்எஸ்ஸின் கோப்புப் பூட்டுகளைக் கவனிக்கும் லாக்டி போன்ற மூலைகளில் அது கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. 2011-இல் 2.6.39 பதிப்பில்தான் முழுதாக ஒழிந்தது.

பதினைந்து ஆண்டு பிடித்த வேலையை யார் செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூட்டுகள் பெருகினால், ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்தவருடையதற்காக இருவரும் என்றென்றும் காத்திருக்கும் முட்டுக்கட்டையும் வரும். ஆனால் பூட்டுகளை எல்லாரும் ஒரே வரிசைமுறையில் எடுக்க வேண்டும் என்ற ஒழுங்கு அதைத் தவிர்க்கும். அந்த ஒழுங்கு மீறப்படுவதைக் காட்டிக்கொடுக்கும் லாக்டெப் என்ற கருவி 2006-இலேயே லினக்ஸில் சேர்ந்துவிட்டது. பத்துக் கணினிகள் உள்ள சிறு பட்டறைக்கு ஒற்றைப் பூட்டே போதும், அங்கே கைவைக்க வேண்டாம். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையின் கதை வேறு. தாமதத்துக்கு டிஸ்க்கோ, நெட்வொர்க் சுவிட்ச்சோகூடக் காரணமாக இருக்கலாம். எனவே, ஷிஃப்ட் மாறும் அந்த அரைமணி நேரத்தில் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த எண் கைக்கு வரும்வரை புது சர்வருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.