பெரிய பலகை, நெருக்கமான காடு

ஆழ்வார்திருநகரிக்காரனுக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். அந்த ஊர்க்காரன் ஸ்கீ பற்றிப் பேச வந்தால் ‘உமக்கு என்னவே தெரியும் அதைப் பத்தி?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். நம் பிள்ளைகள் இன்றைக்கு மியூனிக்கிலும் சூரிக்கிலும் வான்கூவரிலும் வேலை பார்க்கிறார்கள். லீவு கிடைத்தால் குல்மார்க்குக்கு விமானம் ஏறுகிறார்கள். இரண்டு சீசன் சறுக்கியதும் இயந்திரம் ஓட்டிச் செப்பனிட்ட தடம் அலுத்துப்போகிறது. மரங்களுக்குள்ளே, தடமே இல்லாத சரிவில் இறங்க ஆசை வருகிறது. ஆசையில் தப்பில்லை. அதற்காக அவர்கள் வாங்குகிற பலகைதான் பல நேரம் தப்பு.

அகலமா, நீளமா, விறைப்பா இருந்தால் அது ‘எக்ஸ்பர்ட்’ பலகை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கடைக்காரர் சொல்கிறார், வீடியோ சொல்கிறது, கூட வேலை பார்க்கிறவரும் சொல்கிறார். செங்குத்தான, குறுகலான, மரம் அடர்ந்த இடத்தைப் பொறுத்தவரை இது முழுப் பொய் என்பது என் கட்சி. இந்தப் பொய்யில் காசு மட்டும் போவதில்லை. முழங்கால் போகும், உயிரும் போகலாம்.

எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையேறி மரம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி விளங்கிவிடும். காலில் மாட்டும் தளைநார் அவனவன் காலுக்கும் ஏறுகிற மரத்துக்கும் ஏற்றபடி இருக்கும். ‘பெரிய தளை போட்டவன் பெரிய ஏறி’ என்று எந்தப் பனையேறியும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மரத்தின் பாதியிலேயே பதில் கிடைத்திருக்கும். கருவி பார்க்க வேண்டியது நிலத்தை. ஏறுகிறவன் பெருமை அதற்குத் தெரியாது.

ஸ்கீயின் சரித்திரமும் இதையேதான் சொல்கிறது. 1888இல் நான்சென் கிரீன்லாந்தைக் கடந்தார். அந்தப் பயணத்தைப் பற்றிய புத்தகம் ஐரோப்பா முழுக்க ஸ்கீ மோகத்தைக் கிளப்பியது. ஆஸ்திரியாவில் லிலியன்ஃபெல்டு பக்கத்து மலையில் குடியிருந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கிக்கும் அது தொற்றியது. நார்வேயிலிருந்து பலகை தருவித்தார். ஏறக்குறைய 3 மீட்டர் நீளம். நார்வேயின் விரிந்த மேட்டுநிலத்துக்கு அது சரி. தன் வீட்டைச் சுற்றி இருந்த செங்குத்தான காட்டுச் சரிவில் அதைத் திருப்பவே முடியாது என்பது அவருக்கு விளங்கியது. பலகையைக் குட்டையாக்கினார். குதிகால் பக்கவாட்டில் ஆடாதபடி உலோகக் கட்டு செய்தார். 1896இல் புத்தகம் எழுதினார். நார்வே முறைக்காரர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள், ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. அவர் அசரவில்லை. 1905 மார்ச்சில் மூக்கன்கோகெல் மலையில் வாயில்கள் நட்டுப் போட்டி நடத்தி, குட்டைப் பலகையால் செங்குத்துச் சரிவில் வளைந்து இறங்க முடியும் என்று காட்டினார். இன்றைய ஆல்பைன் ஸ்கீ அந்தப் பிடிவாதத்தின் பிள்ளை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தீர்ந்த வழக்கை நாம் கடை வாசலில் திரும்பத் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். மரங்களுக்கு நடுவே திரும்ப வேண்டுமானால் பலகையைச் சட்டென்று சுழற்ற வேண்டும். சுழற்றும்போது உணரும் பாரம் நீளத்தோடு நேராகக் கூடுவதில்லை, அதன் வர்க்கத்தோடு கூடுகிறது. 172 சென்டிமீட்டரிலிருந்து 190க்குப் போனால் நீளம் பத்து சதவீதம்தான் கூடியிருக்கும். எடை மாறாவிட்டாலும் சுழற்றும் பாரம் 22 சதவீதம் கூடும். நீளத்தோடு எடையும் கூடும் என்பதால் உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போகும். காலையில் இது தெரியாது. மத்தியானம் தொடை நடுங்கும்போது, எதிரே தேவதாரு நிற்கும்போது தெரியும்.

அடுத்தது அகலம். காலுக்கு அடியில் இருக்கும் இடுப்பு அகலம் கூடக் கூட, விளிம்பு காலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகிறது. இறுகிய பனியில் அந்த விளிம்பைப் பிடித்து நிறுத்த கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக முறுக்குப்படுகின்றன. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் நேரம் கூடுகிறது. காட்டுக்குள் அந்த அரை நொடிதான் மரத்துக்கும் மண்டைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி.

‘புதுப்பனியில் அமிழ்ந்துபோவோமே, மிதக்க அகலம் வேண்டாமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஷேன் மெக்காங்கி யோசனையில் 2002இல் வந்த வோலான்ட் ஸ்பாட்டுலா, நீர்ச்சறுக்குப் பலகையைப் பார்த்து உருவானது. முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்தது, நடுவில் அகலமானது. ஆழப்பனியில் அது அற்புதம் செய்தது. ஆனால் அது எந்த நிலத்துக்குப் பிறந்தது? கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடக்கிற, அகலமான மலைமுகத்துக்கு. குல்மார்க்கில் கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறி அஃபர்வத் மேலே நின்றால் அந்த மாதிரித் திறந்த சரிவு உண்டு. அங்கே 110 மில்லிமீட்டர் இடுப்பு சரிதான். அதே பலகையோடு கீழே பாபா ரேஷி பக்கம் காட்டுக்குள் நுழைந்தால் கதை வேறு. ஒரே மலைதான், ஆனால் கேட்கிற பலகை இரண்டு.

அப்படியானால் எதை எடுப்பது? என் அளவு இது. இடுப்பு 90லிருந்து 102 மில்லிமீட்டர். நீளம் உங்கள் உயரத்தளவு, அல்லது அதைவிட ஒரு சாண் குறைவு. வளைவு ஆரம் 16லிருந்து 19 மீட்டர். அதைவிடக் குறைந்தால் செங்குத்தில் முனை தானாகக் கொத்தித் திரும்பும். முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். வால் கொஞ்சம் மட்டும் வளையட்டும். ரொம்ப வளைந்தால் குறுகிய ஓடையில் பிடிமானம் போகும், தட்டையாக விறைத்திருந்தால் திரும்பும்போது வால் மாட்டும். காலடியில் பழைய வில்வளைவு இருக்க வேண்டும். பாறைப் பிளவில் இறுகிய பனிமேல் நிற்கவைப்பது அதுதான்.

இதையெல்லாம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ‘நல்லா ஸ்கீ பண்ணத் தெரிஞ்சவன் எதுலயும் இறங்குவான்’ என்பார்கள். சில்வான் சௌடானைக் காட்டுவார்கள். 1967இல் ஷமோனிக்ஸ் மேலே ஸ்பென்சர் பிளவில் இறங்கியவர். அப்போது கிடைத்த பலகைகள் இன்றையவற்றைவிட நீளமானவை என்பதும் உண்மை. ஆனால் அவர் அந்தக் குறுகலுக்கென்றே ஒரு திருப்பத்தைத் தனியாகப் பழகிக்கொண்டு போனார் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். வருஷத்துக்கு எட்டு நாள் லீவு எடுத்து வருகிறவர் சௌடான் இல்லை. அவர் கையில் சௌடானின் கதையைக் கொடுத்துப் பலகை விற்பது வியாபாரம். அதை அறிவுரை என்று சொல்லாதீர்கள்.

பலகை சரியாக இருந்தால் மட்டும் தீர்ந்துவிடாது. ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைக்கு அடியில் பனி நிரம்பாமல் குழி இருக்கும். தலைகீழாக அதில் விழுந்தவர் தானாக வெளியே வருவது அரிது. துணை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும். கைத்தடியின் வாரைக் காட்டுக்குள் மணிக்கட்டில் மாட்டக் கூடாது. கட்டின் விடுவிப்பு அளவை வீரத்துக்காக ஏற்றக் கூடாது. 2023 பிப்ரவரியில் அஃபர்வத் சரிவில் பனிச்சரிவு இரண்டு போலந்துக்காரர்களைக் கொண்டுபோனது. பலகைக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சம் எடுத்து முதலில் டிரான்ஸீவர், மண்வாரி, துழாவுகோல் வாங்குங்கள். அவற்றைப் பயன்படுத்தவும் பழகுங்கள்.

கடையில் ‘நீங்க எந்த லெவல்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். அது உங்கள் பெருமையைத் தடவிப் பார்க்கிற கேள்வி. ‘நான் இறங்கப்போற இடத்துல ரெண்டு மரத்துக்கு நடுவுல மூணு மீட்டர்தான் இருக்கு, அதுக்கு எது?’ என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். தெரியாதவர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.