எதிரொலியின் கணக்கு

உங்கள் மைந்தன் கிட்டார் மீட்டி, காலடியிலுள்ள 'பெடல்' பெட்டிகளை மிதித்து எழுப்பும் ஒலி வெறும் இரைச்சலன்று. அதனுள் கணக்கு இருக்கிறது.

'டிரெமலோ' பெடல் ஒலியளவைச் சீராக ஏற்றி இறக்கும். 'டிலே' பெடல் ஒலியைத் தாமதித்து எதிரொலியாக்கும். நிமிடத்திற்கு 120 தட்டு எனில், ஒரு தட்டு 500 மில்லி விநாடி. அரைத் தட்டுக்கொரு முறை மீட்டி, எதிரொலியை முக்கால் தட்டாகிய 375 மில்லி விநாடியில் அமைத்தால், அது மீட்டொலிகளின் நடுவே விழும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதாய்க் கேட்கும். டிலேக்குப் பின் டிரெமலோவை இணைத்தால் எதிரொலிகளும் துடிக்கும்.

இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை அவனுக்கு எடுத்துரைப்பது உங்கள் கடமை. அதற்குமுன் அவன் கணக்கைப் பொறுமையுடன் கேளுங்கள். செவிமடுத்தவரின் சொல்லுக்கே பிள்ளையும் செவிசாய்ப்பான்.