போல்ட் எண்ணிக்கை சரி... மற்றது?

ஸ்கேல் மாடல் கட்டுகிறவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெட்டிக்குள் வந்ததை அப்படியே நம்ப மாட்டார்கள். நிஜ வண்டியின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்ப்பார்கள். கைப்பிடி தடியாக இருந்தால் அறுத்தெறிந்துவிட்டுச் செம்புக் கம்பியை வளைத்து ஒட்டுவார்கள். வெல்டிங் தழும்பு விட்டுப்போயிருந்தால் புட்டி வைத்துத் தழும்பு போடுவார்கள். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆதாரத்தைப் பார்த்துத் தப்பைத் தன் கையாலேயே திருத்துகிற பழக்கம் வேறு எத்தனை பொழுதுபோக்கில் இருக்கிறது?

எனவே சண்டை திருத்துவதைப் பற்றி அல்ல. அந்தத் திருத்தம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைப் பற்றி.

இஸ்ரேல் ராணுவத்தின் டி9ஆர் கவச புல்டோசரை எடுத்துக்கொள்வோம். சீனாவின் மெங் நிறுவனம் இதை 1:35 அளவில் கிட்டாகக் கொண்டுவந்தது. நிஜ வண்டியைச் செய்வது அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம். கவசம் பூட்டுவது இஸ்ரேலில். கவசத்தோடு சேர்த்துச் சுமார் 60 டன் எடை. ராணுவத்தில் இதற்கு 'டூபி' என்று செல்லப்பெயர். ஹீப்ருவில் கரடிப் பொம்மை என்று அர்த்தம்!

இந்தக் கரடிப் பொம்மையைக் கட்டுகிறவர்கள் எதையெல்லாம் திருத்துகிறார்கள்? கவசத் தகட்டின் போல்ட், பெல்ட்டின் தொய்வு, கண்ணாடியின் பச்சை நிறம், பெயிண்ட் உரிந்த இடம். ராக்கெட் தாக்குதலைத் தடுக்கும் கம்பிக்கூண்டுக் கவசம் 2000-களின் நடுவில்தான் சேர்ந்தது என்பதால், 2003-ஆம் வருடத்து வண்டியில் அதை ஒட்டினால் உடனே பிடித்துவிடுவார்கள். வருடம் வரைக்கும் கணக்குப் பார்ப்பார்கள். சரி, அதே 2003-ல் அந்த வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் மட்டும், "இது ஹாபி, அரசியலைக் கொண்டுவராதீர்கள்" என்று பதில் வரும்.

2003 மார்ச் 16. காசாவின் ரஃபா நகரம். ஒரு வீட்டை இடிக்க விடாமல் தடுக்க நின்ற ரேச்சல் கோரி என்ற 23 வயது அமெரிக்கப் பெண் டி9 புல்டோசரில் நசுங்கி இறந்தார். ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று தெரியும் மேலாடை அணிந்திருந்தார். ஓட்டுநருக்கு அவரைத் தெரியவே இல்லை என்றது ராணுவம். தெரிந்திருக்கும் என்றார்கள் கூட நின்றவர்கள். 2012-ல் ஹைஃபா நீதிமன்றம் ராணுவத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2015-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இப்போது மாடலுக்கு வருவோம். டி9ஆரின் முன் பிளேடு ஏறக்குறைய 1.93 மீட்டர் உயரம். 1:35-ல் 55 மி.மீ. நிற்கிற ஒரு மனிதர் 1.70 மீட்டர் என்றால் 1:35-ல் 49 மி.மீ. கூட இல்லை. பிளேடு தரையில் இருக்கும்போது அதை ஒட்டி நிற்பவரின் தலை பிளேடுக்கு மேலே தெரியாது. பிளேடையும் கேபின் கண்ணாடியையும் உண்மையிலேயே சரியாகத் திருத்திய ஒருவர், ஒரு மனிதப் பொம்மையை முன்னால் வைத்து, ஓட்டுநரின் கண் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கட்டும். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கட்டும். எந்தத் தூரத்தில் அது மறைகிறது? மாடலில் ஒரு மி.மீ. தப்பு என்றால் நிஜத்தில் மூன்றரை செ.மீ. 'ரிவெட் எண்ணுகிறவன்' என்ற கிண்டலுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

பொம்மை தீர்ப்புச் சொல்லாது, வாஸ்தவம். ஓட்டுநரின் மனதில் என்ன இருந்தது என்று பிளாஸ்டிக்குக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வியைக் கண்முன் கொண்டுவந்து வைக்கும். ராணுவம் சொன்னதையே ஒப்புக்கொள்வோம், ஓட்டுநருக்குத் தெரியவில்லை. அப்படியானால், முன்னால் நிற்கும் ஆள் தெரியாத 60 டன் இயந்திரத்தை ஜனங்கள் குடியிருக்கிற தெருவுக்குள் அனுப்பியது யார்? "தெரியவில்லை" என்பது ஓட்டுநரை வேண்டுமானால் காப்பாற்றலாம். அனுப்பியவர்களைக் காப்பாற்றாது.

கண்ணிவெடி அகற்றவும் இதே வண்டிதான், எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காப்பாற்றியது என்பார்கள். அதுவும் உண்மை. அதையும் மாடலில் காட்டட்டும். ஆனால் 2000 முதல் 2004 வரையிலான நான்கு ஆண்டுகளில் காசாவில் 2,500-க்கும் மேற்பட்ட வீடுகளை ராணுவம் இடித்தது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் தன் 2004 அறிக்கையில் சொல்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரஃபாவில். அங்கே 16,000 பேர் வீடிழந்தார்கள். நிஜ வண்டியின் பிளேடில் படிந்த தூசியில் இந்த வீடுகளின் சிமெண்டும் உண்டு. தூசியை மட்டும் தத்ரூபமாகப் பூசிவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருப்பது என்ன வகைத் துல்லியம்?

இந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட கிட்டை வாங்குவதே பாவம், கட்டுவதே கொண்டாட்டம் என்கிறவர்கள். இதுவும் சரியில்லை. கட்டாமல் விட்டால் யாருக்கு என்ன தெரிந்துவிடும்? பார்க்காதே என்று சொல்வதும், போல்ட்டை மட்டும் பார் என்று சொல்வதும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன.

கட்டட்டும். தாராளமாகக் கட்டட்டும். பிளேடுக்கு முன்னால் உடைந்த சிமெண்ட் பிளாக், முறுக்கிய கம்பி, ஒரு கதவு, 49 மி.மீ.-ல் ஒரு மனிதர்... இவையும் இருக்கட்டும். அவை இல்லாத மாடலில் இன்னும் ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது.