திவால் சட்டம்: கெடு இருக்கிறது, விசாரிக்க ஆள் இல்லை

புதுதில்லி: 2019 ஏப்ரல் 17-ம் தேதி இரவு, அமிருதசரஸிலிருந்து மும்பைக்குப் புறப்பட்டது ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம். அந்த நிறுவனத்தைக் கலைத்துவிடுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7-ம் தேதி. நொடித்துப்போன நிறுவனத்தின் வழக்கு, நீதிமன்றங்களில் கழியும் நாள்களையும் சேர்த்து 330 நாள்களில் முடிய வேண்டும் என்கிறது திவால் சட்டம். இந்த வழக்குக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஜெட் ஏர்வேஸை எடுத்து நடத்த முன்வந்த ஜலான்-கால்ராக் கூட்டணியின் ரூ. 4,783 கோடி திட்டத்துக்குத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2021 ஜூனில் ஒப்புதல் அளித்தது. முதல் தவணையான ரூ. 350 கோடியே முழுதாக வந்து சேரவில்லை. ரூ. 200 கோடியைச் செலுத்திய கூட்டணி, மீதி ரூ. 150 கோடிக்கு வங்கி உத்தரவாதத்தைக் கழித்துக்கொள்ளக் கோரியது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. செலுத்திய பணம் பறிமுதலானது. பணம் போடாதவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் கிடைத்ததுதான் இதில் வியப்பு.

இதற்குள் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2019 மே மாதத்தில் நெதர்லாந்து நீதிமன்றமும் ஜெட் ஏர்வேஸைத் திவாலானதாக அறிவித்தது. நிறுவனத்தின் போயிங் விமானம் ஒன்று ஆம்ஸ்டர்டாமில் முடக்கப்பட்டிருந்தது. அந்த நடவடிக்கையே செல்லாது என்றது மும்பைத் தீர்ப்பாயம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்தான், இரு நாட்டு அதிகாரிகளும் ஒத்துழைப்பதற்கான உடன்பாட்டை 2019 செப்டம்பரில் ஏற்றது. சட்டத்தில் தெளிவான வழி இல்லாததால் கையால் கட்டிய பாலம் அது. எல்லை தாண்டிய திவால் வழக்குகளுக்கு ஐ.நா. வர்த்தகச் சட்ட ஆணையம் 1997-லேயே மாதிரிச் சட்டம் வகுத்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், சிங்கப்பூர் ஆகியவை அதைத் தழுவின. நமது 2016-ம் ஆண்டுச் சட்டமோ இரு நாட்டு ஒப்பந்தங்களை நம்பி எழுதப்பட்டது.

2025 ஆகஸ்ட் 12-ம் தேதி மக்களவையில் தாக்கலாகி, தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட திருத்த மசோதா இக்குறையைத் தொட்டது. எல்லை தாண்டிய வழக்குகளுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்கு அளிக்க முற்பட்டது. பிரிட்டன் 2020-லும், ஜெர்மனியும் நெதர்லாந்தும் 2021-லும் நிறுவனம் முழுதாகச் சாய்வதற்கு முன்பே கடனைச் சீரமைக்கும் முறையை நடைமுறைப்படுத்தின. அதே நோக்கில், நீதிமன்றத்துக்கு வெளியே தொடங்கி 150 நாள்களில் முடிக்கும் புதிய வழியையும் இம்மசோதா முன்வைத்தது. நிர்வாகம் பழைய கையிலேயே இருக்கும். மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி.

நோக்கம் சரி. ஆனால் தகராறு எழுந்தால் போய் நிற்க வேண்டிய இடம் அதே தீர்ப்பாயம். தலைவரையும் சேர்த்து அதற்கு அனுமதிக்கப்பட்ட பதவிகள் 63. திவால் வழக்குகளோடு மற்ற நிறுவனச் சட்ட வழக்குகளையும் அதே உறுப்பினர்கள்தான் விசாரிக்கின்றனர். ஜெட் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் இந்த ஆள் பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டியது. விண்ணப்பத்தை 14 நாள்களில் முடிவு செய்ய வேண்டும், தவறினால் காரணத்தை எழுத வேண்டும் என்றது மசோதா. அந்த 14 நாள் கெடு 2016-லும் இருந்ததுதான்.

காலதாமதத்தின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. கலைப்பில் நடைமுறைச் செலவு முதலில் கழியும். அடுத்து, தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும் ஈடு பெற்ற வங்கிகளின் கடனும் சம வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களின் ஓராண்டுச் சம்பளம் அதற்குப் பிறகு. சரக்கும் சேவையும் கொடுத்தவர்கள் அரசு பாக்கிக்கும் கீழே. விற்க வேண்டிய சொத்து ஆண்டுக்கு ஆண்டு தேய்வதால் கடைசி வரிசைக்கு எதுவும் எஞ்சுவதில்லை.

புதிய வழியைத் தொடங்கும் உரிமையும் அரசு அறிவிக்கும் நிதி நிறுவனங்களுக்கே. சிறு வியாபாரிக்குப் பழைய வாசலும் குறுகிவிட்டது. வழக்குத் தொடர வேண்டுமானால் பாக்கி ரூ. 1 லட்சமாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு, கொரோனா தொடக்கத்தில், 2020 மார்ச்சில், ரூ. 1 கோடியாக உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைவாக வர வேண்டியவர்கள் வேறு வழிகளைத்தான் நாட வேண்டும்.