சட்டம் தடுக்காததை அச்சம் தடுப்பதா?

கரு தானாகவே சிதைவதுண்டு. அறியப்பட்ட கருக்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை அவ்வாறு அழிந்துபோகின்றன என்பது மருத்துவர் கணக்கு. சில முற்றாக வெளியேறாது கருப்பையில் எஞ்சிவிடுகின்றன. குருதி ஓய்வதில்லை, கிருமி தொற்றிக் காய்ச்சலும் காணக்கூடும். அந்நிலையிலும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாய் அஞ்சுவது, “என்ன செய்தாய்?” என்ற கேள்விக்கே.

இவ்வச்சத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு ஆதாரம் உண்டு? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவில், கருவை வேண்டுமென்றே சிதைப்போருக்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. கருவில் அசைவு கண்டபின்னாயின் 7 ஆண்டு வரை. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்ததற்கு மட்டுமே விலக்கு. தன் கருவைத் தானே சிதைத்தவளும் குற்றவாளியே. இதன் கடுமை பற்றி நமக்குக் கருத்துண்டு. 1995இல் அதனைத் தளர்த்த வந்த யோசனை பாராளுமன்றத்தில் கைவிடப்பட்ட கதையையும் நாம் அறிவோம். அது வேறு வழக்கு. இப்பிரிவு தண்டிப்பது சிதைத்தலை. ஏற்கெனவே சிதைந்து எஞ்சியதை அகற்றுதல் எவ்வாறு சிதைத்தல் ஆகும்? தானாகச் சிதைந்ததா, பிறர் சிதைத்தனரா என்று குற்றம் தேடுவது தாதியின் தொழிலன்று.

இச்சிகிச்சைக்கு நிபுணரும் சத்திரசிகிச்சைக் கூடமும் இன்றியமையாதவை என்பது பழைய எண்ணம். கருப்பை 14 வாரத்துக்கு உட்பட்ட அளவினதாய், வேறு சிக்கல் இல்லாதவிடத்து, மிசோப்ரொஸ்ரோல் 600 மைக்குரோகிராமை விழுங்கக் கொடுக்கலாம், அன்றேல் 400 மைக்குரோகிராமை நாவின்கீழ் வைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயிற்சி பெற்ற தாதியரும் மருத்துவமாதரும் இதனைச் செய்யலாம் என்று 2015இல் அந்நிறுவனம் வெளிப்படையாகவே விதந்துரைத்தது. 2022இலும் அந்நிலையினின்று அது பின்வாங்கவில்லை.

களுத்துறையில் 1926இல் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலமுதல் மருத்துவமாதர் வீடு வீடாய்ச் சென்று தாய்மாரைக் காத்துவரும் நாடு இது. பஸ் தவறினால் மறுநாள்தான் என்றிருக்கும் வன்னிக் கிராமத்தில், கமக்காரனின் மனைவி முதலில் நோயைச் சொல்வது அவளிடமே. அதுவும் தன் தாய்மொழியில். அவளை வெறுங்கையுடன் நிறுத்திவைப்பது யாருடைய நன்மைக்கு?

நாம் கேட்பது பயிற்சி, மருந்து, எழுத்தில் அதிகாரம். எழுத்தில் என்பதை அழுத்தியே சொல்கிறோம். வாய்மொழி அனுமதி விசாரணை நாளில் எவரையும் காப்பாற்றாது. மேலதிகாரிகளின் மறதி நீதிமன்றங்களில் பிரசித்தமானது. சுற்றறிக்கையில் இரண்டு வாக்கியங்கள் போதும்: பயிற்சி பெற்ற தாதியும் மருத்துவமாதும் இச்சிகிச்சையைச் செய்யலாம், குற்றம் தேடும் கேள்விகளால் நோயாளியை வருத்தலாகாது. காய்ச்சலோ மிகுந்த குருதிப்பெருக்கோ கண்டால் உடனே ஏற்றிச் செல்ல அம்புலன்ஸ் வண்டியும் வேண்டும்.

மருந்து கொழும்பின் கையில் இருக்கிறது. ஆனால் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குச் சுகாதாரத்தில் பங்களித்திருக்கிறது. பயிற்சியையேனும் மாகாணச் சுகாதாரத் திணைக்களம் இவ்வாண்டே தொடங்கட்டும்.