மகா ஓயாவோடு நின்ற கணக்கு

நாட்பட்ட பேதியும் அதனோடு இரத்தப்போக்கும் கண்ட ஒருவரைச் சீதபேதிக்காரரென்றோ மூலவியாதிக்காரரென்றோ கருதி மருந்து கொடுத்தனுப்பிவிடுவது எளிது. அது குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாமென்று சந்தேகித்து, அச்சந்தேகத்தை ஆயுள் முழுவதும் ஆராய்ச்சியாக வளர்ப்பதற்குத் தனித்ததொரு பொறுமை வேண்டும். பெருங்குடல் நீக்கப்பட்டோர்க்குச் சிறுகுடலால் அமைக்கப்படும் பையின் உட்சவ்வை ஒக்ஸ்போர்டிலே ஆராய்ந்து 1991-இல் கட்டுரைகள் வெளியிட்ட, அப்பொறுமை வாய்ந்த பேராசிரியர் ஜனக டி சில்வா, பின்னர் களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடத்தில் அமர்ந்து, ஈரற்கொழுப்பையும் பாம்புக்கடியையும்கூட விடாது ஆராய்ந்தார். (உஷ்ணதேசத்து வைத்தியருக்கு ஒரே வியாதியோடு காலங்கழிக்கும் சௌகரியம் ஏது?) அவரும் சகாக்களும் கொழும்பு, கம்பகா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் நோயாளரை எண்ணி 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இலட்சம் பேரில் பெருங்குடற்புண் அழற்சி 5.3 பேருக்கும், குடற்காசமென்று மயங்கத்தக்க குரோன் நோய் 1.2 பேருக்கும் உண்டெனக் கண்டது.

தொகை சிறிதுதான், ஆயினும் வைத்தியசாலையை அடைந்தவரை மட்டுமே அத்தகைய கணக்கு அறியுமாதலால், அதைக் கீழெல்லையாகக் கொள்வதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். புத்தளத்து ரயில் பாதை பிரிவதும் இராகமையிலேதான். கணக்கோ, கம்பகாவுக்கும் புத்தளத்துக்கும் எல்லையான மகா ஓயாவைத் தாண்டவில்லை. அடுத்த கணக்கைச் சிலாபத்தில் தொடங்கி, உடப்பு, முந்தல், கற்பிட்டி என்று கரையோரமாகவே கொண்டுசென்று, வெட்கத்தால் மலத்தின் நிறத்தைச் சொல்லக் கூசும் மீனவக் குடும்பங்களைத் தமிழறிந்த தாதியரைக் கொண்டே விசாரிக்க வேண்டும்.