மூன்று றீல் வாங்கிய காசு: தூண்டில் போடுறவங்களுக்கு ஒரு பதிவு



கொஞ்சம் நீளமான பதிவு. தூண்டில் பக்கமே போகாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் வீட்டில் தூண்டில் பைத்தியம் பிடித்த ஒரு மகனோ தம்பியோ இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். இதில் சல்லிக் கணக்கு இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு கல்லடிப் பழைய பாலத்தில் என்னிடம் படித்த ஒரு பொடியனைக் கண்டேன். பகலில் ஆட்டோ ஓட்டுகிறான். பின்னேரமும் இரவும் தூண்டில். பொழுதுபோக்கு என்று சொன்னாலும் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் கறி அதில்தான். கூடப் பட்டால் விற்று பெற்றோலுக்கு எடுத்துக்கொள்வான். அன்றைக்கு அவனுடைய றொட் பாலத்தில் சும்மா சாய்ந்து கிடந்தது. தங்கூசியை ஒரு போத்தலில் சுற்றிக் கைத்தூண்டில் போட்டுக்கொண்டு நின்றான்.

"றீல் எங்க மனே?" என்று கேட்டேன்.

"இறுகிட்டு சேர். சுத்த ஏலாது. இது மூண்டாவது."

பதினாலு மாதத்தில் மூன்று றீல். 4,500 ரூபாவுக்கு ஒன்று, 4,800க்கு ஒன்று, 5,200க்கு ஒன்று. மொத்தம் 14,500. அவன் கணக்கைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த முதல் றீலை வாங்கச் சொன்னதே நான்தான். வட்ஸ்அப்பில் படம் அனுப்பி "சேர், இது எப்படி?" என்று கேட்டிருந்தான். பெட்டியில் 12+1 பெயாரிங் என்று பெரிதாக அடித்திருந்தது. பார்க்கவும் வடிவாகத்தான் இருந்தது. "நல்லா இரிக்கி, எடு" என்று எழுதிவிட்டேன். கையில் பிடித்துப் பார்க்காமல் சொன்ன சொல். அந்த 14,500 ரூபாவில் என் பங்கும் இருக்கிறது.

அவன் தன் போனை எடுத்துக் காட்டினான். "இனி வாங்கினா இப்படி ஒண்டுதான் சேர்." அமெரிக்க வீடியோ. மஸ்கி என்ற மீனுக்கு ஒருவர் தூண்டில் எறிகிறார். பிடியில் தடித்த உருண்டை றீல். நம்மூர்ப் பொடியன்கள் நிறையப் பேர் இந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் என்ன வாங்குவது என்று முடிவெடுக்கிறார்கள். ஆகவே அந்த மஸ்கியிலிருந்தே தொடங்குகிறேன்.

மஸ்கி வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பெரிய ஏரிகளிலும் ஆறுகளிலும் இருக்கும். விஸ்கொன்சின் மாநிலம் 1955இல் அதைத் தன் மாநில மீனாகவே அறிவித்தது. நாலடி நீளத்துக்கும் வளரும், வாய் நிறையப் பல். பத்தாயிரம் தடவை எறிந்தால்தான் ஒன்று கடிக்கும் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். கனமான பொய் இரையைக் காலையிலிருந்து பொழுதுபடும் வரை எறிந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மீன்பிடியில் றீலைக் கொல்வது மீன் அல்ல. அந்த ஓயாத எறிதலும் இழுத்தலும்தான் பல்சக்கரத்தைத் தின்கிறது.

அதனால் மஸ்கிக்காரர்கள் றீல் வாங்கும்போது கேட்கும் கேள்விகள் வேறு. பல்சக்கரம் என்ன உலோகம்? உடம்பு வளைந்து கொடுக்குமா? பத்து வருசம் கழித்து இதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா? 1950களில் சுவீடனில் இருந்து வந்த அபு அம்பாசடர் வகை உருண்டை றீல்களைச் சிலர் இன்றும் பாவிக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். கழற்றலாம், கழுவலாம், தேய்ந்த பாகத்தை மாற்றலாம். இந்தக் கேள்விகளை நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த றீலை அப்படியே எடுக்கக் கூடாது. இரண்டு காரணம்.

ஒன்று, அவர்களுடையது நன்னீர். நமக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கடலோடு கலக்கிற வாவி. அங்கே பத்து வருசம் ஓடுகிற றீல் இங்கே கழுவாமல் விட்டால் ஒரு வருசமும் தாங்காது.

இரண்டு, அந்த உருண்டை வகை கனமான இரைக்குச் செய்தது. நாம் இறாலும் சின்ன மீனும் கோர்த்து எறிகிறோம். பாரம் குறைந்த இரையை அதில் எறிந்தால், அதுவும் பழக்கம் இல்லாதவன் எறிந்தால், ஸ்பூல் வேகமாகச் சுற்றித் தங்கூசி உள்ளுக்குள்ளேயே குருவிக்கூடாகிவிடும். நம்முடைய கொடுவாவுக்கும் பாரைக்கும் கரையிலிருந்து எறிவதற்கு, றொட்டுக்குக் கீழே தொங்குகிற, கம்பி வளையம் உள்ள சாதாரண ஸ்பின்னிங் றீல்தான் பொருத்தம். வாவிக்கு 4000 அளவு காணும். கடற்கரையில் அலை தாண்டி எறிவதென்றால் 5000, 6000.

அன்றைக்கு அவனிடம் சொன்னேன், "மூண்டையும் கொண்டு நாளைக்கு வீட்ட வா."

என் வீட்டு விறாந்தையில் பழைய பேப்பர் விரித்து மூன்றையும் கழற்றினோம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வகுப்பில் மின்னிரசாயனம் நடத்தும்போது சொல்வதெல்லாம் அந்தப் பேப்பரில் கிடந்தது.

முதல் றீல், அதாவது நான் வாங்கச் சொன்னது. பல்சக்கரம் நாகக் கலப்புலோகத்தில் வார்த்தது. பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து கூர்மையாகி இருந்தன. நாகம் என்றாலே கூடாது என்றில்லை. உடம்பு உறுதியாக இருந்தால் அதுவும் நன்றாக உழைக்கும். இதில் உடம்பு மெல்லிய பிளாஸ்டிக். பெரிய மீன் இழுக்கும்போது உடம்பு வளைந்தது. உடம்பு வளைய, இரண்டு சக்கரமும் நேராகப் பொருந்தாமல் உரசின. பன்னிரண்டு பெயாரிங்கும் அப்படியே நல்லாக இருந்தன, சக்கரம்தான் செத்துவிட்டது. பெட்டியில் அடிக்கிற அந்த எண்ணுக்கும் றீலின் ஆயுளுக்கும் சம்பந்தம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குச் சரியாக உறைத்தது.

இரண்டாவது. கம்பி வளையத்தின் ஓரத்தில் தங்கூசி ஓடுகிற ஒரு சின்ன உருளை இருக்கும். அது இறுகி நின்றுவிட்டது. உருளை சுற்றாததால் நூல் அதிலேயே உரசி ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. "நல்ல மீனெல்லாம் கரைக்குக் கிட்ட வந்து அறுத்துட்டுப் போனது சேர்" என்றான். மீன் அறுக்கவில்லை. அந்தப் பள்ளம்தான் அறுத்தது. அலுமினிய உடம்பில் துருப்பிடிக்காத உருக்கு ஆணி ஏறிய இடத்தைச் சுற்றி வெள்ளைத் தூள் வேறு. இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். அது ஒரு மின்கலம். அதில் கரைந்து போவது அலுமினியம்.

மூன்றாவதைத் திறந்தபோதுதான் எனக்கு வாயடைத்துப் போனது. அதில் ஒன்றுமே உடையவில்லை. கைபிடி பின்னுக்குச் சுற்றாமல் தடுக்கிற பெயாரிங்கில் உப்புக் கட்டி இறுகியிருந்தது, அவ்வளவுதான். மண்ணெண்ணெய்யில் ஊறவைத்துக் கழுவி, துடைத்து, அதில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும் விட்டோம். அந்த இடத்துக்குக் கிறீஸ் போடக் கூடாது, போட்டால் பிடிக்காமல் வழுக்கும். சக்கரத்துக்குப் புதுக் கிறீஸ். மூடிச் சுற்றினோம். சுற்றியது.

"இத நான் எறியப் பாத்தன் சேர்" என்றான்.

ஆக மூன்றில் ஒன்று தரம் குறைவால் போனது. ஒன்று பாதி தரம், பாதி நம் கவனக்குறைவு. ஒன்று கழுவாததால் போனது. "மலிவுச் சாமானெல்லாம் மோசம்" என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு றீலைக் கழுவுவது எப்படி என்று நம்மில் யார் சொல்லிக் கொடுத்தோம்?

இனி என் கருத்து.

நம்மவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், வருசத்தைப் பார்ப்பதில்லை. 2022இல் டொலர் இரண்டு மாதத்துக்குள் 200 ரூபா அளவிலிருந்து 360 அளவுக்குப் போன பிறகு இறக்குமதிச் சாமான் எல்லாம் ஏறிவிட்டது. அதற்குப் பயந்துதான் அடிமட்ட விலையில் வாங்குகிறோம். ஆனால் ஐயாயிரத்துக்கு வாங்கி ஐந்து மாதத்தில் எறிந்தால் மாதம் ஆயிரம் ரூபா. அதே 14,500ஐ ஒரே றீலுக்குக் கொடுத்து ஐந்து வருசம் பாவித்தால் மாதம் 250 ரூபா கூட இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு. எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதற்காக ஆக உயர்ந்த விலையில் வாங்கச் சொல்லவில்லை. கடன் எடுத்து றீல் வாங்கவே வேண்டாம். நடுவில் உள்ளதைத் தேடுங்கள். பென் பற்றில், டைவா பிஜி போன்ற உலோக உடம்பு வகைகள் உப்புத் தண்ணீருக்கென்று செய்த, உலகம் முழுக்கச் சாதாரண மக்கள் பாவிக்கிற றீல்கள். பெயரை மட்டும் ஒட்டிய போலியும் சந்தையில் உண்டு, ஆகவே பெயரை நம்பாமல் கையால் சோதியுங்கள். கடையில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

1. உடம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள். வளைந்தால் வைத்துவிடுங்கள்.

2. கைபிடி மடக்குவதா, நேராகத் திருகிப் பூட்டுவதா? திருகிப் பூட்டுவது நல்லது, ஆட்டம் குறைவு.

3. காதோடு வைத்து மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா றீலும் நல்ல றீல்தான். மெதுவாகச் சுற்றும்போதுதான் கரகரப்பு தெரியும்.

4. தங்கூசி ஓடும் அந்த உருளையை விரல் நுனியால் தள்ளுங்கள். சுற்ற வேண்டும்.

5. டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கிற பிடி. அதை அரைவாசி இறுக்கி நூலை இழுங்கள். வெட்டி வெட்டி வந்தால் வேண்டாம். ஒரே சீராக வர வேண்டும். உள்ளே காபன் வளையம் உள்ளது கம்பளி வளையத்தை விடச் சூட்டைத் தாங்கும்.

6. கடைசியாக, "இதற்குச் சாமான் கிடைக்குமா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் வரும்போது அவர் கொண்டுவந்து வைப்பார்.

"பாலத்தில் நின்று சின்ன மீன் பிடிக்கிறதுக்கு இவ்வளவு தேவையா?" என்று கேட்பீர்கள். தேவையில்லை. அதற்குப் பிளாஸ்டிக் உடம்பு றீலும் காணும். அது கறளும் பிடிக்காது. அதையும் விட, என்னுடைய வாப்பா ஒரு கட்டையில் சுற்றிய கைத்தூண்டிலால்தான் எங்களுக்குக் கறி கொண்டுவந்தார். கைத்தூண்டில் போடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற பொடியன்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அதில் பழுதாக ஒன்றுமில்லை. ஆனால் கரையில் நின்று தூர எறிந்து கொடுவா, பாரை பிடிக்கப் போகிறவனுக்கு நல்ல றீல் ஒரு தொழிற்சாமான். கொத்தனுக்குக் கரண்டி மாதிரி.

இனிக் கழுவும் விசயம். வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்குங்கள், தண்ணீர் உள்ளே போகாது. கிணற்றுத் தண்ணீரையோ பைப் தண்ணீரையோ மெல்லமாக, மழை பெய்கிற மாதிரி ஊற்றுங்கள். வாளிக்குள் அமிழ்த்த வேண்டாம், ஹோஸ் பைப்பால் பீச்சியடிக்கவும் வேண்டாம். இரண்டும் உப்பை உள்ளே தள்ளிவிடும். துணியால் துடைத்து நிழலில் காயவிட்டு, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவை உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய். பூட்டுத் திறக்க அடிக்கிற ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள், அது உள்ளே இருக்கிற கிறீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். எல்லாம் பத்து நிமிசம்.

இன்னொன்று. டிராக்கை முழுதாக இறுக்கிவிட்டுத் தூண்டில் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நூல் தாங்கும் பாரத்தில் மூன்றில் ஒன்றுக்கு வையுங்கள். 15 கிலோ நூல் என்றால் 5 கிலோ இழுவைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு தொங்கு தராசில் கொழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். நூலும் தப்பும், சக்கரமும் தப்பும், மீனும் வரும்.

அந்தப் பொடியன் இப்போது கழுவி எடுத்த மூன்றாவது றீலில்தான் பிடிக்கிறான். நேற்றும் பாலத்தில் கண்டேன். ஆட்டோவில் ஒரு பால்மா டின் வைத்திருக்கிறான், கிழமைக்கு 500 ரூபா அதில் போடுகிறானாம். "நல்லது ஒண்டு எடுக்கக்குள்ள நீங்களும் கடைக்கு வரணும் சேர்" என்றான். போவேன். இந்த முறை படம் பார்த்துப் பதில் சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டிலும் இறுகிப்போன றீல் கிடந்தால் எறிய வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் விறாந்தையில் பேப்பர் விரித்து வைத்திருப்பேன், கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். மண்ணெண்ணெய் கொஞ்சம் கொண்டு வந்தால் நல்லது. பத்து வருசம் ஓடிய றீல் யாரிடமாவது இருந்தால் அது என்ன வகை, எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்து வாங்கப் போகிற பிள்ளைக்கு உதவும்.